எண்ணூர் காற்றும் ராயபுரம் ஆஸ்பத்திரியும்

2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ந் தேதி. நள்ளிரவு நெருங்கும் நேரம்.

எண்ணூர் பெரியகுப்பத்தில் ஜனங்கள் தூங்கிக்கொண்டு இருந்தார்கள். திடீர் என்று மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்பியது. கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது போல் இருந்தது.

தூங்கிய பிள்ளைகளை வாரிக்கொண்டு தாய்மார்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். சின்னக்குப்பத்திலும் இதே கதி. எந்தப் பக்கம் ஓடினால் உயிர் பிழைக்கலாம் என்று யாருக்கும் தெரியவில்லை. கிடைத்த ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் ஏறி ஊரை விட்டு ஓடினார்கள். மூச்சுத் திணறியவர்கள், மயக்கம் போட்டவர்கள் பலர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

வந்தது என்ன? அம்மோனியா வாயு.

எண்ணூரில் கோரமண்டல் இண்டர்நேஷனல் கம்பெனியின் உரத் தொழிற்சாலை இருக்கிறது. உரம் செய்ய அம்மோனியா வேண்டும். அது கப்பலில் வருகிறது. உறைபனியை விடக் குளிர்ந்த திரவமாக வருகிறது. கப்பலில் இருந்து கடலுக்கு அடியில் போட்ட குழாய் வழியாகத் தொழிற்சாலைக்குப் போகிறது. கப்பலில் இருந்து இறக்குவதற்கு முன்னால் குழாயைக் குளிர வைப்பார்கள். அந்த வேலை நடந்தபோதுதான் கரைக்குப் பக்கத்தில் குழாய் கசிந்தது.

சிறிது நேரத்தில் கசிவை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தச் சிறிது நேரமே ஒரு ஊரைத் தெருவில் நிறுத்தப் போதுமானதாக இருந்தது.

குழாய் ஏன் கசிந்தது?

இதை ஆராய அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. குழு சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். கரையில் குழாயைச் சுற்றிப் பெரிய பெரிய கருங்கற்களைப் போட்டு இருந்தார்கள். அந்த மாதத் தொடக்கத்தில் மிச்சாங் புயல் வந்தது. அலையின் வேகத்தில் கற்கள் புரண்டு குழாயைச் சேதப்படுத்தி இருக்கலாம் என்று குழு கருதியது.

அதாவது, புயல் போய் மூன்று வாரம் ஆன பிறகு, அந்தப் புயலின் அடி குப்பத்து ஜனங்களின் நெஞ்சில் விழுந்தது.

பூமி சூடாகிறது, கடல் சூடாகிறது, புயல் பலமாகிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு அது எங்கோ வட துருவத்துப் பனிக்கட்டி சமாசாரம் போலத் தோன்றும். எண்ணூரில் அது அப்படி இல்லை. ஆலையும் ஆறும் கடலும் குடிசையும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு இருக்கிற இடம் அது. அங்கே புயல் அடித்தால் வெறும் மழைத் தண்ணீர் மட்டும் வீட்டுக்குள் வராது.

அதே புயலில் வேறு என்ன வந்தது?

ஆற்றில் எண்ணெய்

டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த மழையில் வட சென்னை நாள் கணக்கில் தண்ணீரில் நின்றது. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அந்தப் பக்கத்து வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கியது. கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும், எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

படகுகள் கறுத்தன. வலைகள் பாழாயின. கூழைக்கடா என்ற பெரிய நீர்ப்பறவைகள் இறக்கை எல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு பறக்க முடியாமல் தவித்தன. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் என்று ஆற்றை நம்பி இருக்கிற ஊர்களில் அடுப்பு எரிவது கஷ்டம் ஆயிற்று.

எண்ணெயை எடுத்தது யார்? மீனவர்கள்தான். வாளியாலும் கையாலும் அள்ளினார்கள். கச்சா எண்ணெயைக் கையால் அள்ளினால் தோல் வெந்துபோகும். அதன் ஆவி கண்ணையும் மூச்சுக்குழலையும் வருத்தும். இது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். கையுறையும் முகமூடியும் முதல் நாளே வந்திருக்க வேண்டிய சாமான்கள்.

இது முதல் தடவையும் அல்ல. 2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒரு கப்பலில் இருந்து எண்ணெய் கொட்டிக் கரை எல்லாம் தார் போலப் படிந்தது. அப்போதும் வாளிதான். மீனவர்களும் மாணவர்களும் வரிசையாக நின்று வாளி வாளியாக அள்ளினார்கள். பத்திரிகைகளில் அந்தப் படத்தைப் பார்த்து நாடே வியந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் வாளியைத் தூக்க வேண்டி வந்ததே என்பதுதான் வருத்தம்.

2023 எண்ணெய்க் கசிவுக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது. பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய். மற்றக் குடும்பங்களுக்கு 7,500 ரூபாய். மருத்துவ முகாம்களும் நடந்தன.

அம்மோனியா விஷயத்தில், சுற்றுச்சூழலுக்கு நஷ்டஈடாக 5 கோடியே 92 லட்சம் ரூபாய் வசூலிக்கலாம் என்று குழு சிபாரிசு செய்தது. வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. கடல்சார் வாரியமும் தொழிலகப் பாதுகாப்புத் துறையும் தடை இல்லை என்று சான்று கொடுத்தால்தான் திரும்ப இயக்கலாம் என்று 2024 மே மாதம் தீர்ப்பாயம் கூறியது.

பணம் வேண்டியதுதான். ஆனால் நுரையீரலுக்குப் பணம் கட்டி மாற்று வாங்க முடியாது. கசிவு நடந்த பிறகு கூடுகிற கூட்டுறவை, கசிவு நடப்பதற்கு முன்னால் கூட்ட முடியாதா? வட சென்னையைப் பற்றிய பெரிய கேள்வி இதுதான்.

கஞ்சித் தொட்டி

இப்படிப் பல கைகள் சேர்ந்து ஜனங்களின் உயிரைக் காப்பது வட சென்னைக்குப் புதிது அல்ல. ராயபுரத்தின் கதையே அதுதான்.

1780-ம் ஆண்டு ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தது. வயல்கள் அழிந்தன. பஞ்சம் வந்தது. ஜனங்கள் சாரி சாரியாகச் சென்னைக்கு ஓடி வந்தார்கள். அவர்களுக்கு 1782-ம் ஆண்டு ஒரு கஞ்சி மடம் திறக்கப்பட்டது. ஊர் மணியக்காரர் பொறுப்பில் இருந்ததால் மணியக்காரர் சத்திரம் என்று பெயர் வந்தது. வெள்ளைக்காரர் வாயில் அது 'மோனிகர் சவுல்ட்ரி' ஆகிவிட்டது.

பஞ்சத்தில் வந்தவர்கள் பசியோடு மட்டும் வரவில்லை. வியாதியோடும் வந்தார்கள். கஞ்சி ஊற்றினால் மட்டும் போதாது, மருந்தும் வேண்டும் என்று தெரிந்தது. 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் ஏழைகளுக்கு ஒரு வைத்தியசாலை தொடங்கினார். சத்திரமும் வைத்தியசாலையும் பிற்பாடு ஒன்றோடு ஒன்று இணைந்தன.

அதன் வழி வந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. அங்கே இருந்த வைத்தியப் பள்ளிக்குச் சென்னை கவர்னர் ஸ்டான்லியின் பெயர் வைத்தார்கள். 1938-ல் அது மருத்துவக் கல்லூரி ஆயிற்று. ஆனால் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்தில் வயதான பாட்டிமார்களைக் கேட்டால் ஸ்டான்லி என்று சொல்ல மாட்டார்கள். 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள்.

கொடையாளிகள் பணம் கொடுத்தார்கள், டாக்டர் மருந்து கொடுத்தார், அரசாங்கம் இடம் கொடுத்தது. இதைத்தான் இந்தக் காலத்தில் 'சுகாதாரக் கூட்டாண்மை' என்று பெரிய பெயர் வைத்துப் பேசுகிறார்கள்.

இன்னொரு கூட்டும் சென்னையில் நடந்தது. உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த கூட்டு அது.

வீட்டில் இருந்தே குணம்

1950-களில் காசநோய் என்றால் ஜனங்கள் நடுங்கினார்கள். நோயாளியைச் சானடோரியத்தில் சேர்க்க வேண்டும், நல்ல காற்று வேண்டும், பால், முட்டை, ஓய்வு வேண்டும் என்பது அந்தக் கால வைத்தியம். கூலிக்காரன் எங்கே போவான்? படுக்கையும் போதவில்லை.

1956-ம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நாலும் கூடி அதை நடத்தின.

193 ஏழை நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் மாதிரி பிரித்து ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மறு பாதியை அவரவர் வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருஷம் கவனித்தார்கள்.

சானடோரியத்துக்காரர்களுக்கு நல்ல சாப்பாடு. வீட்டுக்காரர்களுக்கு இடுக்கு வீடு, அரை வயிற்றுச் சாப்பாடு, பலருக்கு வேலை வேறு. ஆனால் முடிவு என்ன? இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே குணம் அடைந்தார்கள். வீட்டில் இருந்த நோயாளியால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை.

1959-ல் இந்த முடிவு வெளியாயிற்று. அதற்குப் பிறகு பல தேசங்களில் காசநோய் வைத்தியத்தின் போக்கே மாறியது. சென்னை ஏழைகள் மாத்திரையைத் தவறாமல் விழுங்கிக் காட்டியதால் வந்த மாற்றம் அது. அந்த நிலையம் இன்றும் காசநோய் ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனமாகச் சேத்துப்பட்டில் இருக்கிறது.

மருந்து ஜனங்களைத் தேடிப் போக வேண்டும் என்ற பாடத்தை வட சென்னை இன்னொரு முறை 2020-ல் படித்தது. கொரோனா வந்தபோது சென்னை மண்டலங்களிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் முதல் மாதங்களில் நோய் அதிகம். நெருக்கமான தெருக்கள், ஒரே குழாயடி, ஒரே கழிப்பிடம். விலகி இருங்கள் என்று சொன்னால் எங்கே விலகுவது? மாநகராட்சி தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டது. தொண்டு நிறுவனத்தாரும், அந்தத் தெருப் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தவர்கள் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் காய்ச்சல் இருப்பதைச் சொன்னார்கள்.

2021 ஆகஸ்டு 5-ந் தேதி தமிழ்நாடு அரசாங்கம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இந்த வழிதான். மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் வீட்டுக்கு வந்து ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். நகரங்களில் 708 நலவாழ்வு மையங்கள் அமைக்கத் திட்டமிட்டு, 2023 ஜூன் மாதம் முதல் தவணையாக 500 திறந்தார்கள். நோய் முற்றுவதற்கு முன்னால் தெருமுனையிலேயே டாக்டரைப் பார்க்கலாம் என்பது நோக்கம்.

வெள்ளம் வருகிற காலத்தில் இந்த ஏற்பாட்டுக்கு மதிப்பு இன்னும் அதிகம். சர்க்கரை நோயாளி எந்த வீட்டில் இருக்கிறார், படுத்த படுக்கையாக இருப்பவர் யார், மாதம் நிறைந்த கர்ப்பிணி யார் என்று அந்தப் பெண்ணின் நோட்டில் இருக்கும். படகு வந்தால் முதலில் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எந்தக் கம்ப்யூட்டரும் அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிடாது.

கம்பெனி வேன்

இந்தக் கூட்டில் தொழிற்சாலைகளின் பங்கு என்ன?

2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூக சேவைக்குச் செலவிட வேண்டும். இதனால் தொழில் பேட்டைகளைச் சுற்றி மருத்துவ வேன் வருகிறது. கண் பரிசோதனை முகாம் நடக்கிறது. நல்ல காரியம்தான். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் காலையில் புகையை விட்டு மாலையில் இருமலுக்கு மருந்து கொடுத்தால், அதைக் கூட்டுறவு என்று சொல்ல முடியுமா? வேனில் வருகிற டாக்டர் இருமலுக்கு மருந்து எழுதலாம். இருமல் எதனால் வந்தது என்று அவர் எழுதி, அந்தச் சீட்டுக்கு ஆலை நிர்வாகம் பதில் சொல்ல வேண்டி வந்தால் அப்போதுதான் அது இரண்டு பக்கக் கூட்டு.

போபால் நினைவு இருக்கும். 1984-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி இரவு. பூச்சிமருந்து ஆலையில் இருந்து விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தபோது டாக்டர்களுக்கு அது என்ன வாயு, அதற்கு மாற்று என்ன என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சரியாகச் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் இந்தியாவில் சட்டங்கள் வந்தன. அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய விதிகள் 1989-ல் வந்தன. அந்த விதிகள் என்ன சொல்கின்றன? ஆபத்தான சரக்கு வைத்திருக்கும் ஆலை, தன் எல்லைக்குள் ஒரு அவசரத் திட்டம் வைத்திருக்க வேண்டும். ஆலைக்கு வெளியே ஜனங்களைக் காப்பாற்றுவதற்கு மாவட்ட அதிகாரிகள் தனியாக ஒரு திட்டம் போட வேண்டும். அக்கம்பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு என்ன ஆபத்து வரக்கூடும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

விதி வந்து 34 வருஷம் ஆன பிறகு நடந்தது எண்ணூர் கசிவு. அந்த இரவில் குப்பத்து ஜனங்கள் எந்தத் திசையில் ஓடுவது என்று தெரியாமல் ஓடினார்கள். எந்தத் திசையில் காற்று அடிக்கிறது என்று பார்த்து ஓட வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. குற்றம் ஜனங்களுடையது அல்ல.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். எண்ணூரில் இருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி பத்து கிலோமீட்டருக்கு மேல். வழியில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பது வழக்கம். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரெயில் வந்தது. ஆனால் நள்ளிரவில் மெட்ரோ ஓடாது. விஷவாயுவும் வெள்ளமும் நேரம் பார்த்து வருவதில்லை. ஆக்சிஜன் சிலிண்டரும், வாயு தாக்கியவர்களுக்கு முதல் சிகிச்சை தெரிந்த நர்சும் எண்ணூரிலேயே இரவு முழுவதும் இருந்தாக வேண்டும். ஆலைகளின் 2 பங்குப் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு வேறு இல்லை.

தினம் வரும் விஷம்

கசிவு எப்போதாவது வரும். புகை தினமும் வரும்.

1970-ம் ஆண்டு எண்ணூர் அனல் மின் நிலையம் வேலையைத் தொடங்கியது. 2017 மார்ச் மாதம் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையமும், வல்லூரில் இன்னொரு நிலையமும் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் நிலக்கரிதான் சாப்பாடு. சென்னையில் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. சாம்பல் மட்டும் எண்ணூர்ப் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது.

சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் குட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்தால் சாம்பல் ஆற்றில் இறங்கும். கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் இப்படிச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துபோயிற்று. இறாலை வலை இல்லாமல் கையாலேயே துழாவிப் பிடித்துப் பிழைக்கிற பெண்கள் அங்கே உண்டு. அவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற இடத்தில் சாம்பல் சேறு. சாம்பலை அகற்றி ஆற்றைச் சீர்படுத்த வேண்டும் என்று 2022-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது.

ஆறு ஆழம் இல்லாமல் போனால் மீன் மட்டும் குறையாது. வெள்ளம் வடிய வழி இருக்காது. வட சென்னையின் மழைத் தண்ணீர் கடலுக்குப் போகிற வாசலே எண்ணூர் முகத்துவாரம்தான். கொசஸ்தலை வடிநிலத்தில் மழைநீர்க் கால்வாய் கட்ட ஆசிய வளர்ச்சி வங்கி 2021-ல் 25 கோடியே 10 லட்சம் டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. கால்வாய் கட்டுவது சரி. கால்வாய்த் தண்ணீர் கடைசியில் போய்ச் சேருகிற வாசல் அடைபட்டுக் கிடந்தால் தண்ணீர் எங்கே போகும்?

தண்ணீர் தேங்கினால் அடுத்து வருவது ஜுரம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரும். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் கொசு சாக்கடையில் வளர்வது அல்ல. கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் மூடாமல் வைத்த நல்ல தண்ணீரில்தான் அது முட்டை இடும். டெங்கு கொசுவும் அப்படியே. தண்ணீர் லாரியை நம்பி டிரம்மில் பிடித்து வைக்கிற தெருக்களில் இரண்டுக்கும் கொண்டாட்டம். ஆகவே குடிதண்ணீர்க் குழாய் தினமும் வந்தால் அதுவும் ஒரு மலேரியா மருந்துதான்!

இனிப் புகைக்கு வருவோம். புகையில் உள்ள நுண்தூள் தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். அதனால் மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடி வரை போய்விடும். அங்கிருந்து ரத்தத்தில் கலக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் வருஷ சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. நம் நாட்டு வரம்பு 40. வரம்பே எட்டு மடங்கு தாராளம்!

கரிப் புகையில் கந்தக வாயுவும் உண்டு. அதைப் புகைபோக்கியிலேயே பிடித்துவிட இயந்திரம் இருக்கிறது. பொருத்த வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் விதி போட்டது. கெடு பல தடவை தள்ளிப்போயிற்று. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான மின் நிலையங்களுக்கு இந்த விதியில் இருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள். பத்து லட்சம் ஜனங்களுக்கு மேல் வாழும் நகரத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு விலக்கு இல்லை. அவை 2027 டிசம்பருக்குள் முடிக்க வேண்டும். சென்னை மாநகராட்சியின் எல்லை கத்திவாக்கம் வரைக்கும் நீள்கிறது. அத்திப்பட்டும் வல்லூரும் அங்கிருந்து கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும், பத்து கிலோமீட்டர் இல்லை.

கடல் தின்ற கரை

மெரீனா கடற்கரையில் மணலில் கால் வலிக்க நடந்துதான் தண்ணீரைத் தொட முடியும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்தில் பல இடங்களில் மணலே கிடையாது. கருங்கல் சுவரில் அலை மோதுகிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை?

சென்னைத் துறைமுகம்தான் காரணம். நம் கரையில் மணல் தெற்கே இருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். தெற்கே இருந்து வந்த மணல் சுவரில் முட்டி நின்றது. மெரீனா அகன்றது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் அங்கே கடல் கரையைத் தின்றது. தென் சென்னைக்கு உலாவும் இடம் கிடைத்தது, வட சென்னைக்கு வீடு போயிற்று.

கடல் மட்டம் உயர உயர இந்தக் கரைக்குத்தான் ஆபத்து முதலில். சென்னை மாநகராட்சி 2023-ல் காலநிலைச் செயல் திட்டம் ஒன்றை வெளியிட்டது. சி-40 என்ற உலகப் பெருநகரங்களின் சங்கம் அதற்கு உதவி செய்தது. 2050-க்குள் கரிப் புகையின் கணக்கைச் சமன் செய்வது என்று அதில் குறிக்கோள் வைத்திருக்கிறார்கள். 2023 பட்ஜெட்டில் வட சென்னை வளர்ச்சிக்கு என்று 1,000 கோடி ரூபாய்த் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

காகிதத்தில் இவை தனித்தனித் திட்டங்கள். ஒன்று சுகாதாரம், ஒன்று வெள்ளம், ஒன்று தொழில், ஒன்று மீன்வளம். திருவொற்றியூரில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால் எல்லாம் ஒரே வீட்டில்தான் வந்து முட்டுகிறது. அப்பா துறைமுகத்தில் சுமை ஏற்றுகிறார். அம்மா கருவாடு காய வைக்கிறார். தாத்தாவுக்கு இழுப்பு. பிள்ளைக்கு ஜுரம். எந்த இலாகாவுக்கு மனுப் போடுவார்கள்?

வெய்யிலும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். 2003 மே 31-ந் தேதி சென்னையில் 45 டிகிரி வெய்யில் அடித்தது. ஆனால் கடலோரத்தில் 38 டிகிரியே போதும். காற்றில் ஈரம் அதிகமானால் வேர்வை உலராது. வேர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது. சுமைக்காரர், லாரி டிரைவர், கொதிகலன் பக்கத்தில் நிற்பவர் ஆகியோருக்கு இது உயிர் போகிற விஷயம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசாங்கம் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் கிடைக்க இதனால் வழி ஏற்பட்டது. ஆனால் சாவுக்குக் காரணம் வெப்பம்தான் என்று டாக்டர் எழுதினால்தானே பணம் வரும்? மாரடைப்பு என்று எழுதிவிட்டால் அந்தக் குடும்பம் கணக்கிலேயே வராது.

வெளியூரில் இருந்து வந்து வேலை செய்கிறவர்கள் நிலை இன்னும் மோசம். 2025 செப்டம்பர் 30-ந் தேதி எண்ணூரில் புதிய அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். வடகிழக்கு மாநிலத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களைப் போன்றவர்கள் தங்கும் தகரக் கொட்டகைக்கு 'மக்களைத் தேடி' வருகிற பெண் போகிறாரா? போனாலும், சர்க்கரை நோய் என்று அவர்கள் பாஷையில் எப்படிச் சொல்வார்?

செய்யக்கூடியது

இதற்கு எல்லாம் புதிதாக ஒரு இலாகா வேண்டாம். இருப்பவர்களே ஒரு மேஜையில் உட்கார்ந்தால் போதும். மாநகராட்சி சுகாதார அதிகாரி, ஸ்டான்லி டாக்டர், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தார், துறைமுகத்தார், ஆலை மேனேஜர், குப்பத்துப் பஞ்சாயத்தார், மகளிர் குழுப் பெண். மாதம் ஒரு தரம் உட்காரட்டும். அந்த மாதம் எத்தனை பேருக்கு இழுப்பு வந்தது என்று டாக்டர் சொல்லட்டும். அதே நாட்களில் காற்று எப்படி இருந்தது என்று வாரியத்தார் சொல்லட்டும். அம்மோனியாக் கப்பல் எந்தத் தேதியில் வருகிறது என்று ஆலை மேனேஜர் சொல்லட்டும். மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் தானாகத் தெரியும்.

அதுவரை, வீட்டில் உள்ளவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை சில.

மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கவும். கொடியில் கிடக்கும் துணி எந்தப் பக்கம் ஆடுகிறதோ, அந்தப் பக்கம்தான் வாயு போகிறது. அந்தத் திசையில் ஓடக்கூடாது. குறுக்கே விலகிப் போக வேண்டும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளவும். அம்மோனியா தண்ணீரில் கரையும். கண்ணில் பட்டால் கசக்காமல், பதினைந்து நிமிஷம் ஓடுகிற நல்ல தண்ணீரில் கழுவவும். நனைந்த உடுப்பைக் கழற்றிவிடவும். இருமல் நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டவும். நுரையீரலில் நீர் கோர்ப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

வெள்ளத்தில் நடந்தவர்கள் காலைச் சோப்புப் போட்டுக் கழுவவும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை வலித்தால், கண் சிவந்தால் தாமதம் கூடாது.

வெய்யிலில் வேலை செய்து தலை சுற்றினால் நிழலில் படுக்க வைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்து விசிறவும். நினைவு இருந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்புக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவும். டீஸ்பூனைத் தலை தட்டி அளக்கவும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. 108-க்குப் போன் செய்யவும்.